வயர் மாறினால் பாட்டு மாறுமா?

(ஹட்டனில் மாணவர்களும் பெற்றோரும் தோட்டத்து இளைஞர்களும் கூடியிருந்த பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இயர்போனின் வயரைக் கழற்றிவிட்டு வேறு வயர் மாட்டினால் ஒலி மாறுமா? மாறினால் அந்த மாற்றத்தை அளந்து காட்ட முடியுமா? இதுதான் இன்றைய பேச்சு. பொதுக்கூட்டத்துக்கு இது சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது காதில் இருப்பது இயர்போன். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன தாயின் குரல் லயத்துக் காம்பராவுக்கு வந்து சேர்வதும் அதன் வழியாகத்தான். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, சிக்னல் கிடைக்கிற மேடு தேடி ஏறிப்போய் உட்கார்ந்து பாடம் கேட்ட பிள்ளைகளின் காதிலும் அதுதான் இருந்தது. நம் சனம் காசு கொடுத்து வாங்குகிற பொருள் இது. அதைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையா பொய்யா என்று பார்ப்பது விஞ்ஞானம் படித்தவர்களின் கடமை.

இப்போது சந்தைக்கு வரும் இயர்போன்களில் பலவற்றின் வயரைக் கழற்றி மாட்டலாம். சின்னஞ்சிறு இரண்டு ஊசி வைத்த இணைப்பு ஒரு வகை. அழுத்தினால் 'டிக்' என்று பூட்டிக்கொண்டு சுழலும் எம்எம்சிஎக்ஸ் இணைப்பு இன்னொரு வகை. வயர் அறுந்ததற்காக முழு இயர்போனையும் எறிய வேண்டியதில்லை என்பது இதனால் வந்த பெரிய நன்மை. கூடவே ஒரு வியாபாரமும் வந்தது. வயர் மட்டும் தனியாகச் சில நூறு ரூபாவிலிருந்து, வெளிநாட்டுத் தயாரிப்புகளில் சில இலட்சம் ரூபா வரைக்கும் விற்கிறது. வெள்ளி முலாம் பூசிய செம்பு, சுத்த வெள்ளி, ஒற்றைப் படிகச் செம்பு என்று விதவிதமான பெயர்கள். வெள்ளி போட்டால் மேல்சுருதி துலங்கும், செம்பு போட்டால் கீழ்ச்சுருதி கனக்கும் என்கிறார்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு இந்த விலைகளைப் பாருங்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயரால் ஒலி மாறக்கூடிய இடங்கள் உண்டு. அவற்றைக் கணக்கில் காட்டலாம், மீட்டரிலும் காட்டலாம். அந்த இடங்களில் உலோகத்தின் பெயருக்கும் விலைக்கும் அநேகமாக வேலை இல்லை. மற்ற இடங்களில் மாறுவது கேட்பவரின் எதிர்பார்ப்பு.

எல்லோருக்கும் பழக்கமான ஒரு மாற்றத்திலிருந்து தொடங்குவோம். வயர் பிளக் ஓரத்தில் மடிந்து மடிந்து பழசாகும். ஒரு நாள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பாடுகிறவரின் குரல் மட்டும் காணாமல் போய்விடும். வாத்தியங்கள் எங்கோ தூரத்தில் ஒலிக்கும். பிளக்கைக் கொஞ்சம் திருகிப் பிடித்தால் குரல் திரும்பி வரும். இங்கே தலையாட்டுகிறவர்களைப் பார்த்தால் பாதிப் பேருக்கு இது நடந்திருக்கிறது என்று தெரிகிறது. காரணம் இதுதான். பிளக்கில் இடது, வலது, பொது என்று மூன்று வழிகள். பொது வழி அறுந்துபோனால் மின்னோட்டம் இடது காதின் வழியே போய் வலது காதின் வழியேதான் திரும்ப முடியும். அப்போது இரண்டு பக்கமும் சமமாகப் பதிந்திருக்கும் ஒலி ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. பாடகரின் குரலைப் பெரும்பாலும் நடுவில், இரண்டு பக்கமும் சமமாகத்தான் பதிவார்கள். அதனால் குரல் அழிகிறது. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டும் மிஞ்சிக் காதில் விழுகிறது. வயர் ஒலியை மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. ஆனால் இது கெட்டுப்போன வயர் செய்த மாற்றம். புது வயர் 300 ரூபாவானாலும் 30,000 ரூபாவானாலும் குரல் திரும்ப வந்துவிடும். நமக்கு வேண்டியது நல்ல நிலையில் உள்ள இரண்டு வயர்களுக்கு இடையே வித்தியாசம் உண்டா என்பது.

வயரின் தடையைப் பற்றிப் பேச நம் மலையகத்தைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் இல்லை. இந்த மலைநீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இல் கட்டுரை படித்தார். 1950இல் லக்ஷபான மின்நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. அங்கிருந்து கொழும்புக்குப் போகும் கம்பியின் தடைக்காகப் பொறியாளர்கள் அவ்வளவு கவலைப்படக் காரணம், கம்பி மிக நீளம், அதில் போகும் மின்சக்தியும் மிகப் பெரிது. இயர்போன் வயரின் நீளம் ஏறக்குறைய 1.2 மீட்டர். அதில் போவது மிகச் சிறிய சக்தி. இந்த அளவில் தடை என்ன செய்யும்? உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் கொப்பியை எடுங்கள்.

போய்த் திரும்பும் வழியைச் சேர்த்தால் வயரின் நீளம் 2.4 மீட்டர். செம்பின் குறுக்குவெட்டு 0.05 சதுர மில்லிமீட்டர் என்று வைப்போம். இது மெல்லிய வயர். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்பு வயருக்கு மீட்டருக்கு 0.0172 ஓம் தடை. பெருக்கி வகுத்தால் நம் வயரின் தடை 0.83 ஓம். அதே அளவு வயரைச் சுத்த வெள்ளியில் செய்தால் 0.76 ஓம். இப்போது 16 ஓம் இயர்போன் ஒன்றை இதில் மாட்டுங்கள். செம்பு வயரில் ஒலி 0.44 டெசிபெல் குறைகிறது. வெள்ளி வயரில் 0.40 டெசிபெல் குறைகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.04 டெசிபெல்லுக்கும் குறைவு. நல்ல கருவியால் இதை அளக்கலாம். மனிதக் காதுக்கு, மிகுந்த கவனத்தோடு, அமைதியான அறையில், அடுத்தடுத்துக் கேட்டால்கூடப் பிடிபடுகிற வித்தியாசம் இதைப் போலப் பல மடங்கு. போனில் ஒலியைக் கூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வரும் மாற்றமும் இதைவிட மிகப் பெரிது.

வெள்ளி செம்பைவிட நல்ல கடத்தி என்பது மெய். மின்தடையில் வித்தியாசம் ஏறக்குறைய 8 சதவீதம், அவ்வளவுதான். அந்த 8 சதவீதம் வேண்டுமென்றால் செம்பு வயரின் குறுக்குவெட்டைக் கொஞ்சம் கூட்டினால் போதும். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் தடை 0.21 ஓமுக்கு இறங்கிவிடும். மெல்லிய சுத்த வெள்ளி எவ்வளவு முயன்றாலும் இதை எட்டாது.

தடையைத் தவிர வேறு குணங்களும் வயருக்கு உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. வயரின் கொள்ளளவம் 200 பிக்கோபரட் என்று வைத்தாலும், 16 ஓம் இயர்போனோடு சேர்ந்து அது குறுக்கிடத் தொடங்குவது 5 கோடி ஹேர்ட்ஸ் பக்கத்தில். நாம் கேட்கிற ஒலி 20,000 ஹேர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. உயர்ந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் வயரின் மேற்பரப்புக்கு ஒதுங்கும் என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். செம்பில் 20,000 ஹேர்ட்ஸுக்கு அந்த ஆழம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இயர்போன் வயரின் இழைகள் அதைவிட எத்தனையோ மடங்கு மெல்லியவை, ஆகவே ஒதுங்குவதற்கு அங்கே இடமே இல்லை. புது வயரை நூறு மணி நேரம் பாட்டு ஓடவிட்டுப் 'பழக்க' வேண்டும் என்கிற பேச்சுக்கு மின்னியலில் ஆதாரம் கிடையாது.

இனி, வயர் உண்மையாகவே ஒலியை மாற்றுகிற இடங்கள். இவற்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் "எல்லா வயரும் ஒன்றுதான்" என்று அடித்துச் சொல்கிறவர்களும் முழு உண்மையைச் சொல்லவில்லை.

சாதாரண இயர்போனில் ஒரேயொரு சுருள். அதன் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அதனால் வயரின் தடை ஒலியை மொத்தமாகச் சிறிது குறைக்குமே தவிர அதன் நிறத்தை மாற்றாது. ஆனால் ஒரு காதுக்கு மூன்று, நான்கு, ஐந்து சிறு ஒலிப்பான்களை அடைத்துச் செய்யும் இயர்போன்கள் உண்டு. மேடைப் பாடகர்கள் காதில் மாட்டிக்கொள்வதற்காக வந்த வகை. இவற்றில் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கும். ஓரிடத்தில் 5 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 0.83 ஓம் வயரில், 5 ஓம் உள்ள இடத்தில் ஒலி 1.3 டெசிபெல் விழுகிறது. 40 ஓம் உள்ள இடத்தில் விழுவது 0.2 டெசிபெல்கூட இல்லை. ஆக ஒலியின் வடிவமே ஒரு டெசிபெல்லுக்கு மேல் சாய்ந்துவிட்டது. அதே இயர்போனுக்கு 0.2 ஓம் வயர் போட்டால் சாய்வு 0.3 டெசிபெல்லாகச் சுருங்கும். இரண்டு வயருக்கும் நடுவே ஏறக்குறைய 0.9 டெசிபெல் வித்தியாசம். இது கருவியில் தெளிவாகத் தெரியும். பழகிய காதுக்கும் தெரியக்கூடும். இப்படிப்பட்ட இயர்போன் வைத்திருக்கும் ஒருவர் "வயர் மாற்றினேன், ஒலி மாறியது" என்று சொன்னால் அவரைப் பொய்யர் என்று சொல்லாதீர்கள். அவர் கேட்டது உண்மை. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் தவறாக இருக்கலாம். அந்த மாற்றத்தைச் செய்தது ஏறக்குறைய 0.6 ஓம் தடை வித்தியாசம். அதே 0.6 ஓமைத் தகரத்தில் கொண்டுவந்தாலும் மாற்றம் அதேதான்.

இதை வெளிப்படையாகப் பயன்படுத்திய தயாரிப்பே உண்டு. அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனத்தின் இஆர்-4 இயர்போன் 1991இல் வந்தது. அதன் வகைகளில் இரண்டு இஆர்-4பி, இஆர்-4எஸ். பி வகையின் ஒலியை எஸ் வகையின் ஒலியாக மாற்ற ஒரு சிறிய இணைப்பு வயர் விற்றார்கள். அதற்குள் இருந்தது காதுக்கொன்றாக 75 ஓம் ரெசிஸ்டர். ஒலி மாறியது, காரணத்தையும் எண்ணோடு எழுதிக் கொடுத்தார்கள். வயரால் ஒலியை மாற்றுகிறோம் என்று சொல்கிற எந்த நிறுவனமும் நடந்துகொள்ள வேண்டிய முறை இது. "உங்கள் வயரின் தடை எத்தனை ஓம்?" என்று கடையில் கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்ல முடியாத வயருக்குப் பெருந்தொகை கொடுக்காதீர்கள்.

மூன்றாவது இடம் நமக்கு மட்டும் கொஞ்சம் விசேஷமானது. போனில் எஃப்எம் ரேடியோ கேட்கிறவர்களுக்குத் தெரியும், வயர் உள்ள இயர்போனைச் செருகாவிட்டால் பெரும்பாலான போன்களில் ரேடியோ வேலை செய்யாது. அங்கே இயர்போன் வயர்தான் ஏரியல். எஃப்எம் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதன் கால் பங்கு முக்கால் மீட்டர். வயரின் நீளம் இதற்கு நெருங்கி வருவதால்தான் அது ஏரியலாகப் பயன்படுகிறது. பிதுருதலாகலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. ஆனாலும் மலைமடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் லயத்துக்கு அலை நேராக வந்து சேர்வதில்லை. அங்கே வயரைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டால் இரைச்சல், நீட்டிவிட்டால் பாட்டு. வயரின் நீளமும் அது கிடக்கும் விதமும் ஒலியை மாற்றுவதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் இடம் வேறில்லை. இதற்குச் செலவும் இல்லை.

நான்காவதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சில பிளேயர்களில் 3.5 மில்லிமீட்டர் துளையோடு 4.4 மில்லிமீட்டர் துளையும் இருக்கும். அந்தப் பெரிய துளைக்கென்று தனி வயர் விற்கிறார்கள். அந்தத் துளையில் மின்னழுத்தம் பல பிளேயர்களில் இரண்டு மடங்கு வரை வரும். இரண்டு மடங்கு என்றால் 6 டெசிபெல். ஒரே பாட்டைச் சற்று உரக்கக் கேட்டால் அது நன்றாக இருப்பதாகத்தான் யாருக்கும் தோன்றும். உரக்கக் கேட்டதை வயரின் தரம் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

வயரைவிட ஒலியைப் பல மடங்கு மாற்றுகிற ஒன்று ஒவ்வொரு இயர்போன் பெட்டியிலும் இலவசமாக வருகிறது. ரப்பர் முனை. அது காதுத் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் கீழ்ச்சுருதி 10 டெசிபெல்லுக்கு மேல் கரைந்து போகும். வயர் மாற்றுகிறவர் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். இயர்போனைக் காதிலிருந்து கழற்றுகிறார், வயர் மாற்றுகிறார், திரும்ப மாட்டுகிறார். இரண்டாவது தடவை அது ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனாலும் சரி, சற்றுச் சாய்ந்தாலும் சரி, ஒலி மாறும். மாறிய ஒலிக்குப் பேர் வாங்கிக்கொள்வது புது வயர். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பஸ்ஸில் ஏறி வந்து இறங்கியதும் காது அடைத்துக்கொள்வது அதனால்தான். செவிப்பறையின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகும் வரை செவிப்புலன் மந்தமாகத்தான் இருக்கும். கொழும்பில் வாங்கிய வயரை வீட்டுக்கு வந்த கையோடு மாட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஈரத்தைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். நம் மழைக்கும் பனிக்கும் கண்ணாடி போன்ற உறைக்குள் இருக்கும் செம்பு பச்சை பிடிக்கும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும், இழையின் உள்ளே செம்பு முழுதாக இருக்கும் வரை தடை அதிகம் மாறாது. கெடுவது இணைப்பு முனை. அங்கே பாசி போலப் படிந்தால் தடை நிலையில்லாமல் ஏறி இறங்கும், கரகரப்பு வரும், ஒரு காது அமுங்கும். பஞ்சில் துளி ஸ்பிரிட் தொட்டு முனையைத் துடைத்து உலரவிட்டு மாட்டுங்கள். "புது வயர் போட்டதும் ஒலி பளிச்சென்று ஆனது" என்ற கதைகளில் பல, அழுக்கு முனை ஒன்று போய்ச் சுத்தமான முனை ஒன்று வந்த கதைகளே.

இதையெல்லாம் கேட்ட பிறகும் ஒருவர் எழுந்து, "ஐயா, உங்கள் கணக்கு இருக்கட்டும், என் காது கேட்கிறதே!" என்று சொல்லலாம். அவருக்கு மதிப்பான பதில் ஒன்று இருக்கிறது. அந்தப் பதில் பிறந்தது ஒரு கோப்பைத் தேநீரில். அதனால்தான் இந்தப் பேச்சை ஹட்டனில் பேச எனக்கு இவ்வளவு ஆசை.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்றொரு விவசாய ஆராய்ச்சி நிலையம். 1920களின் தொடக்கத்தில் அங்கே முரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா, தேநீரை ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார் அவர். அங்கே புள்ளியியலாளராக இருந்தவர் ரொனால்ட் ஃபிஷர். அவர் எட்டுக் கோப்பை தேநீரைக் கொண்டு இதைச் சோதிக்கும் வழியை வகுத்து, 1935இல் வெளியான தம் 'பரிசோதனைகளை வடிவமைத்தல்' நூலில் விளக்கினார். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எந்த ஒழுங்குமில்லாமல் கலைத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எட்டிலிருந்து நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. சும்மா ஊகித்து எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல வாய்ப்பு எழுபதில் ஒன்று. அந்த அம்மையார் எட்டையும் சரியாகச் சொல்லிவிட்டார் என்று பின்னால் எழுதியவர்கள் உண்டு. அது நடந்திருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. சோதனை என்பது ஒருவரை மட்டம் தட்டுவதற்கல்ல. உண்மையிலேயே திறமை உள்ளவருக்கு அதை நிரூபித்துக் கொடுப்பதும் அதே சோதனைதான்.

இந்தக் கதையின் அடுத்த பகுதி நம் வாசலில் நடந்தது. ரோதம்ஸ்டெட்டில் ஃபிஷரோடு சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர் டி. ஈடன். அவர் பிறகு இலங்கைக்கு வந்து, 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இன்றும் இருக்கிறதே, அதே நிலையம்தான். தேயிலை விளைச்சல் பற்றிய வயல் பரிசோதனைகளில் எவ்வளவு பிழை வரும் என்று ஆராய்ந்து 1931இல் அவர் கட்டுரை வெளியிட்டார். மேட்டிலிருக்கும் செடிக்கும் பள்ளத்திலிருக்கும் செடிக்கும் கொழுந்து ஒன்றுபோல வராது என்பது மலையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு துண்டுக்கு உரம் போட்டு இன்னொன்றுக்குப் போடாமல் விட்டு, கொழுந்தை நிறுத்துப் பார்த்து முடிவு சொன்னால் அது உரத்தின் வேலையா மண்ணின் வேலையா? துண்டுகளைச் சிறிதாகப் பிரித்து, எதற்கு எது என்பதைக் குலுக்கலுக்கு விட்டு, பல தடவை செய்தால்தான் உரத்தின் பங்கைப் பிரித்தெடுக்கலாம். உலகத்தின் முன்னணி ஆராய்ச்சி முறை, அது உருவாகிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, நம் பாட்டிமார் கொழுந்து பறித்த மலைகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

தேநீரைச் சுவை பார்க்க உலகத் தர நியமம் ஒன்றும் உண்டு. ஐஎஸ்ஓ 3103. நூறு மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறல். இரண்டு கோப்பைக்கும் எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் எஞ்சிய வித்தியாசம் தூளினுடையது என்று சொல்லலாம். இயர்போன் வயரைச் சோதிப்பதற்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

எப்படிச் செய்வது? பள்ளிக்கூட ஆய்வுகூடத்து மல்டிமீட்டரை எடுங்கள். 200 ஓம் அளவில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மீட்டர் வயரின் சொந்தத் தடை. பிறகு ஒரு முனையை இயர்போன் வயரின் பிளக் நுனியிலும் மற்றதைக் காதுப் பக்கத்து ஊசியிலும் வைத்து அளந்து, முன்பு குறித்ததைக் கழியுங்கள். இடது, வலது, பொது என மூன்று வழிக்கும் இப்படிச் செய்யுங்கள். தடை ஏறக்குறைய ஒன்றாக வருகிற ஒரு செம்பு வயரையும் ஒரு வெள்ளி முலாம் வயரையும் தேர்ந்தெடுங்கள். தடை ஒன்றானால் ஒலியின் அளவும் ஒன்றாகிவிடும். அதன் பிறகும் வித்தியாசம் கேட்டால் அது உலோகத்தின் குணமாக இருக்கலாம். இரண்டையும் ஒரே நிறத் துணி உறையில் நுழைத்து மூடுங்கள். ஒரு மாணவர் திரைக்குப் பின்னால் நாணயம் சுண்டி, எது விழுகிறதோ அந்த வயரை மாட்டிக் கொடுக்கட்டும். விடையை எழுதுகிறவருக்கு எது போனது என்று தெரியக்கூடாது. கேட்கிறவர் தமக்குப் பழகிய பாட்டைத் தம் விருப்பப்படி எவ்வளவு நேரமும் கேட்கலாம். அவசரமில்லை, நாலைந்து நாளில் முடித்தாலும் சரி. 16 தடவை செய்யுங்கள். 12 தடவை அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், சும்மா ஊகித்து அப்படி வர நூற்றில் நான்கு வாய்ப்புகூட இல்லை. அப்படி ஒருவர் சொன்னால் அவரை மறுபடியும் உட்காரவைத்துச் சோதியுங்கள். இரண்டாவது தடவையும் சொன்னால் அவருக்கு மாலை போடுங்கள், நானும் வந்து போடுகிறேன்.

2007இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்பவர் ஒரு சவால் விட்டார். 7,250 டொலர் விலையுள்ள ஸ்பீக்கர் கேபிள் ஒன்றைச் சாதாரண கேபிளிலிருந்து கண்ணால் பாராமல் காதால் மட்டும் பிரித்துச் சொன்னால் பத்து இலட்சம் டொலர் தருவதாகச் சொன்னார். பேச்சுவார்த்தை நடந்தது, சோதனை நடக்கவே இல்லை. கேபிளை விற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பர வாய்ப்பு வேறு கிடைத்திருக்காது என்பதை நினைத்துப் பாருங்கள்.

என் தீர்ப்பு இது. வயர் அறுந்தால் மாற்றுங்கள். உறுதியான, உடையில் உரசினால் அதிகம் ஓசை எழுப்பாத, மடிப்பைத் தாங்குகிற செம்பு வயர் போதும். பல ஒலிப்பான் உள்ள இயர்போன் வைத்திருப்பவர் தடை குறைந்த வயரைப் பார்த்து வாங்கலாம், அதற்கும் பெருந்தொகை தேவையில்லை. மிஞ்சும் காசில் காதுக்குப் பொருந்துகிற ரப்பர் முனை வாங்குங்கள். முனை நன்றாக அடைத்தால் பஸ் இரைச்சல் உள்ளே வராது, ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையும் வராது. பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபெல்லில் அதே 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. கெட்ட வயரை மாற்றலாம், கெட்ட செவி நரம்பை மாற்ற முடியாது.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நோர்வூட், பொகவந்தலாவை, நுவரெலியா என்று எங்கெல்லாம் பாடசாலையில் விஞ்ஞான மன்றம் இருக்கிறதோ, அங்கெல்லாம் இந்தத் தவணைக்குள் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இரண்டு வயர், ஒரு இயர்போன், ஒரு மல்டிமீட்டர், ஒரு நாணயம், இவ்வளவுதான் தேவை. எத்தனை தடவையில் எத்தனை சரி என்று, முடிவு எந்தப் பக்கம் விழுந்தாலும் மறைக்காமல் எழுதிப் பாடசாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒரு பிரதியை எனக்கும் அனுப்பிவையுங்கள்.